லேப்டாப் பேட்டரி: ஸ்டிக்கரில் ஒரிஜினல், உள்ளே என்ன?

கேள்வி இதுதான். ஐந்து வருடமான லேப்டாப். சார்ஜரைப் பிடுங்கினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. ஆன்லைனில் தேடினால் அதே பேட்டரி மூன்று விதமாக வருகிறது. லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் ஒரு விலை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு "100% ஒரிஜினல்" என்று ஒருவர் விற்கிறார். ஏறக்குறைய பாதி விலைக்கு, "உங்கள் மாடலுக்குப் பொருந்தும்" என்று சொல்லி வேறொரு பிராண்டு தன் பெயரிலேயே விற்கிறது. எதை வாங்குவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வரும் அந்த "ஒரிஜினல்" வேண்டாம். மற்ற இரண்டில் எது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரிஜினல் என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். லேப்டாப் கம்பெனிகள் பெரும்பாலும் பேட்டரி செய்வதில்லை. பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் செல்கள் எல்ஜி, சாம்சங் எஸ்டிஐ, பானாசோனிக், ஏடிஎல் போன்ற இடங்களிலிருந்து வருகின்றன. அவற்றைச் சேர்த்து, போர்டு வைத்து, பேக்காகக் கட்டுவது சிம்ப்லோ, டைனாபேக், சன்வோடா மாதிரி வேறு கம்பெனிகள். லேப்டாப் கம்பெனி அளவு சொல்கிறது, சோதிக்கிறது, தன் பெயரை ஒட்டுகிறது. அதனால் ஒரிஜினலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஏதோ ரகசியமான செல்லுக்குப் போவதில்லை. சோதனைக்கும் பொறுப்புக்கும் போகிறது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு 2006-ஐப் பாருங்கள். சோனி செய்த செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்தன. உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம். டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது, ஆப்பிள் 18 லட்சம். ஒரிஜினலிலும் கோளாறு வரும் என்று இதை வைத்து வாதாடலாம், சரிதான். ஆனால் எந்தத் தொடர் எண்ணில் கோளாறு என்று அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது, இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைப்பெயரை மாற்றிக்கொள்ளும் விற்பனையாளரின் பேட்டரியில் அதே கோளாறு இருந்தால், உங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

இனி பேக்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால் விளம்பரத்தில் பாதி பொய் தானாகவே உதிர்ந்துவிடும்.

பழைய, கழற்றி மாட்டும் பேட்டரிகளில் இருப்பது 18650 என்ற உருளைச் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பெயரிலேயே இருக்கிறது. ஒரு செல் 3.6 அல்லது 3.7 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 10.8 அல்லது 11.1 வோல்ட். அப்படி இரண்டு வரிசையைப் பக்கவாட்டில் சேர்த்தால் ஆறு செல் பேக். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் உருளைக்குப் பதிலாகத் தட்டையான பாலிமர் செல்கள், கணக்கு அதேதான்.

செல்களோடு ஒரு சின்ன போர்டு இருக்கும். பலரும் கண்டுகொள்ளாத பகுதி இதுதான். எவ்வளவு மின்சாரம் ஏறியது, இறங்கியது என்று எண்ணிக் கணக்கு வைப்பது அது. செல்லின் சூட்டைப் பார்ப்பது, அளவு மீறி ஏறினாலோ ரொம்ப இறங்கினாலோ இணைப்பைத் துண்டிப்பது, எல்லாம் அதன் வேலை. நல்ல பேக்கில் இந்தக் காவலுக்கும் மேலே ஒரு காவல் உண்டு: முதல் பாதுகாப்பு தவறினால் நிரந்தரமாக அறுந்துபோகும் ஒரு ஃப்யூஸ். அது அறுந்தால் பேக் செத்தது, ஆனால் மேசை எரியாது. செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இந்த இரண்டாவது காவலில்தான். இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது, இல்லாவிட்டாலும் பேட்டரி வேலை செய்யும்.

அடுத்து கைவைப்பது செல்லில். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் "ஆறு செல், ஒரிஜினல்" என்று வாங்கிய பேக் இரண்டே மாதத்தில் படுத்துவிட்டது. என்னிடம் கொண்டுவந்தார். கையில் வாங்கியதுமே ஏதோ குறைகிறது என்று தோன்றியது. சமையலறைத் தராசில் வைத்தேன்: 210 கிராம். ஒரு 18650 செல் சுமாராக 45 முதல் 50 கிராம் இருக்கும். ஆறு செல் என்றால் செல்லே 270-ஐத் தாண்ட வேண்டும், பிளாஸ்டிக் கூடு தனி. திறந்தோம். உள்ளே மூன்றே செல். மீதி மூன்று குழியில் தடித்த அட்டையை உருட்டிச் செருகியிருந்தார்கள், குலுக்கினால் சத்தம் வரக்கூடாது என்று. இருந்த மூன்றின் மேலும் பளபளவென்று இளஞ்சிவப்பு உறை. அதைச் சுரண்டினால் கீழே கீறல் விழுந்த பச்சை உறை. முனைகளில் ஏற்கனவே ஒருமுறை வெல்டிங் வைத்துப் பிய்த்த தழும்பு. வேறெங்கோ உழைத்து ஓய்ந்த செல்கள் புதுச் சட்டை போட்டு வந்திருந்தன. (நீங்கள் இப்படித் திறந்து பார்க்காதீர்கள். கத்தி நுனி செல்லில் பட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகிப் புகையும். தராசு போதும்.)

வேடிக்கை என்னவென்றால், அந்த லேபிளே பொய்யைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. 11.1 வோல்ட், 5200 எம்ஏஎச், 48 வாட்-அவர் என்று போட்டிருந்தது. எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர்-அவர், ஆயிரம் சேர்ந்தால் ஓர் ஆம்பியர்-அவர். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர் வரவேண்டும். 11.1 பெருக்கல் 5.2, சுமார் 57.7. 48 எங்கிருந்து வந்தது? 4400 எம்ஏஎச் ஒரிஜினலின் லேபிளை நகல் எடுத்தவர், கவர்ச்சிக்காக ஒரு எண்ணை ஏற்றிவிட்டு இன்னொன்றை மாற்ற மறந்துவிட்டார். விளம்பரப் படத்தில் லேபிள் தெளிவாகத் தெரிந்தால் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். சில வாட்-அவர் முன்பின் இருக்கலாம், பத்து இருக்கக்கூடாது. லேபிளே காட்டாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

எம்ஏஎச் எண்ணை மட்டும் வைத்து இரண்டு பேட்டரிகளை ஒப்பிடாதீர்கள். 14.8 வோல்ட்டில் 2600 எம்ஏஎச் உள்ளதும், 7.4 வோல்ட்டில் 5200 எம்ஏஎச் உள்ளதும் தருவது ஒரே அளவு மின்சாரம். உண்மையான கொள்ளளவு வாட்-அவர்தான். 18650 செல்லில் நல்ல தயாரிப்பே ஒன்றுக்கு 3500 எம்ஏஎச் அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே இரண்டு வரிசை சேர்ந்த ஆறு செல் பேக்கில் 7000-க்கு மேல் யாராவது எழுதியிருந்தால் அதற்கு மேல் படிக்கவே வேண்டியதில்லை.

வோல்ட் விஷயத்தில் பலரும் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார்கள். பழையதில் 10.8, புதியதில் 11.1 என்றிருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டும் மூன்று செல் தொடர்தான், ஒருவர் 3.6 என்றும் மற்றவர் 3.7 என்றும் எழுதுகிறார். 14.4-க்கும் 14.8-க்கும் அப்படியே. ஆனால் 11.1 இருந்த இடத்தில் 14.8 போடக்கூடாது. மெல்லிய லேப்டாப்களில் 11.4, 11.55 என்று பார்த்தால் அவை வேறு வகை: அதிக வோல்ட் தாங்கும் செல்கள். சாதாரணச் செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றலாம், இவற்றை 4.35, 4.4 வரை ஏற்றுவார்கள். இந்த இடத்தில் மட்டமான பேக் தயாரிப்பாளர் சாதாரணச் செல்லைப் போட்டு, போர்டை மட்டும் ஒரிஜினல் போல அமைத்தால், ஒவ்வொரு முறை சார்ஜ் செய்யும்போதும் செல்லை வதைக்கிறீர்கள். உப்பிப்போவதற்கு அது ஒரு நேர்வழி. உள்ளேயே பொருத்திய தட்டைப் பேட்டரி என்றால் பெயர் தெரியாத பிராண்டு பக்கம் நான் போகவே மாட்டேன். கழற்றி மாட்டும் பழைய வகைக்கு அவ்வளவு கறாராக இருக்கமாட்டேன்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு ஒரிஜினல் வாங்கலாமா? புதிய லேப்டாப்புக்கு, ஆமாம். உங்களுடையது மாதிரி ஐந்து வருடம் ஆனதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது: சரக்கின் வயது.

லித்தியம் பேட்டரி பயன்படுத்தினால் மட்டும் தேய்வதில்லை. சும்மா அலமாரியில் இருந்தாலும் தேயும். முழு சார்ஜில், வெப்பமான இடத்தில் இருந்தால் வேகமாக. பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் மெதுவாக. மாடல் சந்தைக்கு வந்தபோதே செய்து கிடங்கில் வைத்த ஒரிஜினல் பேட்டரி, ஸ்டிக்கர் பிரிக்காமல் உங்கள் கைக்கு வரும்போது தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்திருக்கும். கவனிக்காமல் விட்டிருந்தால் தானாகவே வடிந்து வடிந்து, பாதுகாப்பு போர்டு பூட்டிக்கொள்ளும் அளவுக்கும் இறங்கியிருக்கலாம். அது சட்டப்படி ஒரிஜினல்தான், புதியதும்தான். ஆனால் போன வருடம் செய்த ஒரு நேர்மையான மாற்று பிராண்டு பேக் அதைவிட நன்றாக உழைக்கும். ஆகவே யாரிடம் வாங்கினாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்த மாதம், எந்த வருடம் செய்தது?" பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். "புது ஸ்டாக் சார்" என்பது பதில் இல்லை.

புதுப் பேட்டரி வந்தவுடன் 30 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ காட்டினால் பயப்படாதீர்கள். தனியாக விமானத்தில் ஏற்றும் லித்தியம் அயான் பேட்டரிகளை 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வைத்து அனுப்பக்கூடாது என்று 2016 முதல் விதி இருக்கிறது. அப்படி வந்தது நல்ல அறிகுறி என்றே வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை: லேப்டாப் மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பழைய பேட்டரியைக் கழற்றி அதன் மேலிருக்கும் பாகம் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாடல் பெயரில் சின்னப் பேட்டரி ஒன்றும் பெரிய பேட்டரி ஒன்றும் வருவது சாதாரணம். திருகு ஓட்டை இடம் மாறும், வயர் நீளம் மாறும், கனெக்டர் எதிர்ப்பக்கம் இருக்கும். படத்தையும் உங்கள் பழையதையும் பக்கத்தில் வைத்து கனெக்டர் பின்களை எண்ணுங்கள்.

சில லேப்டாப்கள் மாற்று பேட்டரியை ஏற்கவே ஏற்காது. லெனோவோ திங்க்பேடில் எக்ஸ்230, டி430 தலைமுறையிலிருந்து, பேட்டரி தன்னை ஒரிஜினல் என்று நிரூபிக்காவிட்டால் சார்ஜ் ஏற்றமாட்டேன் என்று பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) சொல்லிவிடும். வேறு சிலவற்றில் தொடங்கும்போது ஓர் எச்சரிக்கை மட்டும் வந்து போகும். உங்கள் மாடலுக்கு எப்படி என்று வாங்குவதற்கு முன்பே, அதை வாங்கிப் போட்டவர்களின் மதிப்புரைகளில் தேடிப் பாருங்கள்.

மதிப்புரை என்றதும் ஒன்று. ஐந்து நட்சத்திரத்தில் பெரும்பகுதி பொருள் வந்த வாரத்தில் எழுதியது. "சரியாகப் பொருந்தியது, சீக்கிரம் வந்தது." பேட்டரிக்கு அது ஒரு சான்றே இல்லை, மட்டமான பேக்கும் முதல் வாரம் ஓடும். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்து எழுதியவர்களை மட்டும் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு நட்சத்திரத்தில் இருப்பார்கள், ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களா என்று பாருங்கள். "35 சதவீதத்தில் திடீரென்று அணைந்துவிட்டது" என்று நான்கு பேர் சொன்னால் அது உண்மை. அப்புறம், விற்பவர் பெயரையும் பாருங்கள். பெரிய தளம் ஒன்றில் இருக்கிறது என்பதால் அந்தத் தளமே விற்கிறது என்று ஆகாது.

"கம்பேட்டிபிள்", "மாற்று" என்று வெளிப்படையாகச் சொல்லித் தன் பெயரில் விற்பவர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. தன் பெயர் கெடும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. மற்றவர் ஸ்டிக்கரை ஒட்டி விற்பவருக்கு எந்தப் பெயரும் கெடப்போவதில்லை. "கிரேடு ஏ செல்", "ஜப்பான் செல்" போன்ற வார்த்தைகளுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. செல் எந்தக் கம்பெனி என்று பெயர் சொன்னால் அது தகவல். ஒரு வருட வாரண்டியை எழுத்தில் கொடுத்தால் அதைவிட நல்ல தகவல்.

சரி, வாங்கியாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை.

விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் என்று ஒன்று எடுக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டில் ஒரு வரி அடித்தால் ஒரு பக்கமாக வந்துவிடும். அந்தப் பெயரில் தேடினால் கட்டளை கிடைக்கும். அதில் மூன்று எண்களைப் பாருங்கள். வடிவமைத்த கொள்ளளவு, முழு சார்ஜில் இப்போது இருக்கும் கொள்ளளவு, சைக்கிள் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை முழுச் சுற்று ஏற்றி இறக்கியிருக்கிறது என்பது. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சைக்கிள் பூஜ்யம் அல்லது ஒற்றை இலக்கம். 240 என்று இருந்தால் அது யாரோ பயன்படுத்தியது, அல்லது பழைய போர்டில் செல்லை மட்டும் மாற்றியது. சில மாற்று பேட்டரிகள் சைக்கிளைக் காட்டவே காட்டாமல் ஒரு கோடு மட்டும் போடும். அது மட்டும் குற்றமில்லை.

ஆனால் இந்த எண்கள் அந்த போர்டு சொல்வதுதான். போர்டில் 57 என்று எழுதி வைத்தால் 57 என்றுதான் சொல்லும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். முழுதாக ஏற்றி, திரை வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்து, ஏதாவது ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அணையும் வரை விடுங்கள். லேப்டாப் 10 வாட் இழுத்தால் 48 வாட்-அவர் பேட்டரி ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்க வேண்டும். இடையிடையே சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சீராக இறங்கினால் நல்லது. 100-லிருந்து 40 வரை நிதானமாக வந்து, அங்கிருந்து ஒரே தாவாக 5-க்கு விழுந்தால், போர்டு சொன்ன கணக்கும் செல்லில் இருந்த சரக்கும் ஒன்றில்லை. முதல் முறை மட்டும் கொஞ்சம் தப்பாகக் காட்டலாம், கணக்கு வைக்கும் சிப் பழகுவதற்கு ஒரு முழுச் சுற்று வேண்டும். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். சார்ஜ் ஏறும்போது ஒரு ஓரம் மட்டும் சுடுகிறது என்றால் இரண்டாவது முறைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் லேப்டாப்புக்கு என் முடிவு இது. கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்தப் பாகம் எண் இன்னும் இருக்கிறது, கடந்த ஒன்றரை வருடத்துக்குள் செய்தது என்று சொல்கிறார்கள் என்றால், இன்னும் மூன்று வருடமாவது இந்த லேப்டாப்பை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அதையே வாங்குங்கள். தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள் அல்லது சரக்கு பழையது என்றால், தன் பெயரில் விற்று ஒரு வருட வாரண்டி கொடுக்கும் மாற்று பிராண்டுக்குப் போங்கள். இன்னும் ஒரு வருடம் ஓட்டினால் போதும், எப்போதும் மேசையில் சார்ஜரோடுதான் இருக்கும் என்றால், பழையது உப்பாமல் இருக்கும்வரை எதையும் வாங்காமல் அப்படியே விடலாம். பேட்டரியை அறவே கழற்றிவிட்டு ஓட்டினால் சில லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் நினைவில் வையுங்கள்.

உப்பாமல் இருக்கும்வரை என்றேன். டச்பேட் அழுத்தினால் சரியாகக் கிளிக் ஆகவில்லை, கீழ்மூடி ஓரத்தில் விரிசல் தெரிகிறது, சமமான மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் எதை வாங்குவது என்று யோசிக்கும்முன் அந்தப் பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். சார்ஜ் போடாதீர்கள். அமுக்கிச் சமன் செய்ய நினைக்காதீர்கள், ஊசி குத்தி வாயுவை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் உலோகத் தகட்டால் நெம்ப வேண்டாம், பழகியவரிடம் கொடுங்கள். எடுத்த பேக்கின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. விற்பவர் "பழையதைக் கூரியரில் அனுப்புங்கள், புதியது தருகிறோம்" என்று கேட்டாலும் உப்பியதை மட்டும் பார்சலில் அனுப்பாதீர்கள். படம் எடுத்து அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள்.